‘விடுங்க, தானா பேசுவா’ என்று டீச்சர் சொல்வது பொறுமையா, கண்டுகொள்ளாமையா?

கேள்வி: 2025 செப்டம்பர் 6, மாலை 6.20

என் மகளுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. வீட்டில் வாய் ஓயாது. பூனை, பக்கத்து வீட்டு மாமா, டிவியில் வரும் ஆள் என்று எல்லாரைப் பற்றியும் ஒரு கதை வைத்திருப்பாள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் ஒரு சொல் கிடையாது. ஜூனிலிருந்து இதே நிலைதான். அவளுடைய டீச்சர் ரொம்பப் பொறுமைசாலி என்று ஊரே சொல்கிறது. நான் போய்க் கேட்டால் ‘விடுங்க, தானா பேசுவா’ என்கிறார். இதற்குப் பெயர் பொறுமையா, கண்டுகொள்ளாமல் விடுவதா? அவருக்கு நன்றி சொல்வதா, சண்டை போடுவதா என்றே புரியவில்லை.

2025 செப்டம்பர் 6, இரவு 10.40

என் மகளும் இப்படித்தான் இருந்தாள். இப்போது நாலாம் வகுப்பு. அதனால் எழுதுகிறேன்.

2022இல் ஒன்றாம் வகுப்புக்கு ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தோம். கொரோனாவில் இரண்டு வருடம் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பிள்ளை, பழகிக்கொள்வாள் என்று நினைத்தோம். அங்கே காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது ‘பிரசன்ட் மிஸ்’ என்று சொல்ல வேண்டும். இவள் சொல்ல மாட்டாள். சொல்லும் வரை நிற்க வேண்டும் என்று விதி. முதல் வாரம் ஒரு பீரியட் நின்றாள். ஆகஸ்ட் வாக்கில் அது இரண்டு பீரியடாகிவிட்டது. சொன்னால் உட்காரலாம் என்று அவர்கள் காத்திருந்தார்கள். அவளோ நிற்கக் கற்றுக்கொண்டாள். எங்களுக்கு இது தெரியவே நாலு மாதம் ஆனது, ஏனென்றால் அவள் வீட்டிலும் சொல்லவில்லை. கால் வலிக்கிறது என்று மட்டும் சொல்வாள். நாங்கள் தைலம் தேய்த்துவிட்டோம்.

2023 ஜூனில் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு இரண்டாம் வகுப்புக்கு மாற்றினோம். சாத்தூர்ப் பக்கம் ஒரு கரிசல் ஊர். ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளும் ஒரே அறையில் ஒரே டீச்சரிடம். மொத்தம் 31 பிள்ளைகள்.

சேர்த்து ஒரு மாதம் கழித்து நான் போய் அந்த டீச்சரிடம் சொன்ன வார்த்தை இது: “ஒரு தட்டு தட்டியாவது பேச வச்சிருங்க டீச்சர்.” அவர் கோபப்படவில்லை. “தட்டுனா அழுவா. அழுறது பேச்சு இல்லீங்களே” என்றார். அன்றைக்கு அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் அதை மறக்க முடியவில்லை.

நீங்கள் கேட்டதற்கு என் பதில்: நன்றி சொல்லுங்கள். காத்திருங்கள். பேசுவாள்.

2025 செப்டம்பர் 6, இரவு 11.15

ஒன்றை விட்டுவிட்டேன். என் மகள் அந்தப் பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகப் பேசியது டீச்சரிடம் இல்லை, சத்துணவு சமைக்கும் அம்மாவிடம். கார்த்திகை மாதம், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், சாப்பாட்டு வரிசையில் தட்டை நீட்டியபடி ‘முட்டை வேண்டாம்’ என்றாளாம். அவ்வளவுதான். ஐந்து மாதம் பாடுபட்டவர் ஒருவர், முதல் சொல் போய்ச் சேர்ந்தது இன்னொருவரிடம். அதில் டீச்சருக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. சாயங்காலம் போன் பண்ணிச் சொன்னபோது அவர் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

2025 செப்டம்பர் 7, காலை 7.05

என் மனைவி மேலே இருப்பதைப் படித்துவிட்டுத் திருத்தச் சொல்கிறார். ‘முட்டை வேண்டாம்’ இல்லையாம், ‘மஞ்சக்கரு வேணாம்’. அவள் முட்டையை எந்தக் காலத்திலும் வேண்டாம் என்று சொன்னதில்லை, வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சள் கருவை ஒதுக்குவாள். “நீங்க எழுதுனதப் பாத்தா பாப்பா முட்டை திங்காதவன்னு நினைப்பாங்க” என்கிறார். சரி, திருத்திவிட்டேன்.

இதில் எனக்கு நேற்று தோன்றாத ஒன்று தோன்றுகிறது. ‘வேணாம்’ என்பது எளிதான சொல், தலையை ஆட்டினாலே போதும். ஆனால் மஞ்சள் கரு மட்டும் வேண்டாம் என்பதைத் தலையாட்டிச் சொல்ல முடியாது. சைகைக்கு எட்டாத ஒன்று தேவைப்பட்டபோதுதான் வாய் திறந்திருக்கிறாள்.

இன்னொன்றும் மனைவி ஞாபகப்படுத்தினார். சமையல்கார அம்மா ஓடி வந்து டீச்சரிடம் சொல்ல, வகுப்பே கைதட்டத் தயாராகிவிட்டது. டீச்சர் தடுத்துவிட்டார். “யாரும் கைதட்டக் கூடாது. அவ கேட்டா, நாம கொடுத்தோம். நீங்க கேட்டா யாராச்சும் கைதட்டுறாங்களா?” என்றாராம். கைதட்டியிருந்தால் அத்தனை கண்ணும் அவள் மேல் விழுந்திருக்கும், அடுத்த ஐந்து மாதம் மறுபடி வாயை மூடியிருப்பாள். நான் அங்கே இருந்திருந்தால் முதல் ஆளாகக் கைதட்டியிருப்பேன்.

2025 செப்டம்பர் 9, இரவு 11.30

முதல் பதிலில் ‘காத்திருங்கள்’ என்று எழுதியது தவறு. இரண்டு நாளாக உறுத்துகிறது. கேட்டவரும் அதைப் படித்துவிட்டு ‘அப்போ சும்மா இருக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து சும்மா இருக்காதீர்கள்.

எங்கள் டீச்சர் ஒருநாளும் சும்மா காத்திருக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்த எனக்குத்தான் அது காத்திருப்பு மாதிரி தெரிந்தது. உள்ளே தினமும் வேலை நடந்துகொண்டிருந்தது.

வருகைப் பதிவிலிருந்து தொடங்கினார். ‘உள்ளேன் டீச்சர்’ என்று சொல்லும் வழக்கத்தை வகுப்பு முழுவதற்கும் மாற்றினார். யார் எப்படி வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். ஒருவன் கை தூக்குவான், ஒருத்தி விசிலடிப்பாள், ஒரு பயல் தினமும் சேவல் மாதிரி கூவுவான். என் மகள் பலகையை இரண்டு தட்டுத் தட்டுவாள். 31 பேரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லும்போது அவள் மட்டும் வேறாகத் தெரியவில்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்: என் மகளுக்காக ஒரு தனி ஏற்பாடு செய்யாமல், அது எல்லாருக்குமான ஏற்பாடாகத் தெரியும்படி செய்தார்.

அடுத்தது சிறுநீர் கழிக்கப் போவது. இதை எழுதத் தயங்கினேன், ஆனால் இதே கவலை உள்ள பெற்றோர் பலர் வெளியே சொல்வதில்லை. பழைய பள்ளியில் கேட்க வாய் வராமல் பாவாடையோடு நனைந்து வந்திருக்கிறாள். காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கவும் பழகியிருந்தாள். இந்த டீச்சர் மேசை ஓரத்தில் ஒரு சிவப்பு மூடியை வைத்தார். போக வேண்டியவர்கள் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகலாம், வந்து நிமிர்த்தி வைக்கலாம். இதுவும் எல்லாருக்கும். அந்த வாரத்திலிருந்து தண்ணீர் பாட்டில் காலியாக வீட்டுக்கு வந்தது. என் மனைவி அந்தக் காலி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

மூன்றாவது, துண்டுத் தாள். அதை நாளைக்கு எழுதுகிறேன். நான் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பைண்டிங் பிரிவில் இருக்கிறேன். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளிவந்ததிலிருந்து காலண்டர் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது, வீடு வரவே பத்து மணியாகிவிடுகிறது.

2025 செப்டம்பர் 10, இரவு 10.50

துண்டுத் தாள்.

கட்டிங் மெஷினில் ஓரம் வெட்டும்போது விழுகிற தாளை நான் வீட்டுக்குக் கொண்டுவருவதுண்டு. மகள் அதில் படம் போடுவாள். ஒருநாள் அதில் ஒன்று அவள் பைக்குள் போய் டீச்சர் கையில் கிடைத்தது. பூனை படம். பின்பக்கம் டீச்சர் ‘இதுக்குப் பேரு என்ன?’ என்று எழுதிக் கொடுத்தனுப்பினார். மறுநாள் ‘வெள்ளச்சி’ என்று பதில் போனது. அப்படியே பிடித்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு தாள், ஒரு கேள்வி, ஒரு பதில். யாருக்கும் தெரியாமல் உள்ளங்கைக்குள் மடித்து வைத்துக் கொடுப்பாள். டீச்சரும் அப்படியே மடித்துத் திருப்பிக் கொடுப்பார். எங்களிடம் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன.

நேற்று இரவு அந்த டப்பாவைத் திறந்து பார்த்தேன். முதல் இரண்டு மாதம் எல்லாப் பதிலும் ஒரே சொல். செப்டம்பர் கடைசியில் ஒரு தாளில் அவளே கேள்வி கேட்டிருக்கிறாள்: ‘உங்க வீட்ல பூன இருக்கா?’ டீச்சரின் பதில்: ‘இல்லை. நாய் இருக்கு. அது என்னைக் கண்டா மட்டும் குரைக்காது.’

2025 செப்டம்பர் 14, மாலை 4.30

கீழே ஒருவர் ‘இதெல்லாம் அடம், செல்லம் கொடுத்துக் கெடுக்கிறீர்கள்’ என்று எழுதியிருக்கிறார். நானும் அப்படி நம்பியவன்தான், அதனால் அவர்மேல் கோபம் இல்லை. ஆனால் பதில் சொல்லியாக வேண்டும்.

டீச்சரே ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: “நான் வகுப்புல செய்யுறது ஒரு பக்கம். நீங்க டாக்டர்கிட்டயும் ஒருவாட்டி காமிச்சிருங்க. எனக்குத் தெரியாதது எதாச்சும் இருந்தா?” 2023 அக்டோபரில் மதுரைக்குக் கூட்டிப் போனோம். முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று பார்த்தார்கள். அப்புறம் குழந்தைகள் மனநல மருத்துவர். வீட்டில் எப்படிப் பேசுகிறாள் என்று கேட்டார். போனில் எடுத்திருந்த வீடியோவைக் காட்டினோம், அதில் அவள் பூனைக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

இதற்கு செலக்டிவ் மியூட்டிசம் என்று பெயர் சொன்னார். சில இடங்களில் சரளமாகப் பேசும் பிள்ளை, வேறு சில இடங்களில் பேச முடியாமல் போவது. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அந்தப் பெயர் வைப்பார்கள். பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை, அது எந்தப் பிள்ளைக்கும் இருக்கலாம். கேட்டவரின் மகள் அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டாள் என்பதைக் கவனியுங்கள்.

இந்தப் பெயருக்கே ஒரு கதை இருக்கிறது. 1877இல் குஸ்மவுல் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை முதலில் விவரித்தபோது, தானே விரும்பிப் பேசாதிருத்தல் என்று பொருள்படும் பெயரை வைத்தார். 1934இல் டிராமர் என்பவர் வைத்த பெயரிலும் பிள்ளை தானே தேர்ந்தெடுத்து மறுக்கிறது என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 1994இல்தான் இப்போதைய பெயர் வந்தது. 2013இல் வந்த அடுத்த பதிப்பில் இதைப் பதற்றக் கோளாறுகளோடு சேர்த்தார்கள். அடம் இல்லை, பயம் என்று ஒப்புக்கொள்ளப் படித்தவர்களுக்கே நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

பிள்ளை பேச மாட்டேன் என்று சொல்வதில்லை. பேச்சு தொண்டையில் வந்து நின்றுவிடுகிறது. என் மகள் பிறகு ஒருநாள் சொன்னது: “உள்ள சத்தமாத்தான்ப்பா சொன்னேன். வெளிய வரல.”

நிற்க வைத்தது பற்றியும் ஒன்று. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அடிப்பதை மட்டும் தடை செய்யவில்லை, பிள்ளைக்கு மன உளைச்சல் கொடுப்பதையும் தடை செய்கிறது. எனக்கு அப்போது தெரியாது. நானே அல்லவா போய் ‘ஒரு தட்டு தட்டுங்க’ என்று கேட்டேன்.

2025 செப்டம்பர் 14, இரவு 9.10

வசம்பு தேய்த்தால் பேச்சு வரும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். என் அம்மாவும் தேய்த்தார். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயரே உண்டு, அந்தப் பாசத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் மகளுக்கு நாக்கில் ஒரு குறையும் இல்லை. அப்பத்தாவிடமே அவள் ஓயாமல் பேசுவாள். நாக்கைக் கவனித்த நேரத்துக்கு நாங்கள் பயத்தைக் கவனித்திருக்க வேண்டும்.

2025 செப்டம்பர் 23, இரவு 11.00

டாக்டர் சொன்னதில் பாதியை டீச்சர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார். அவற்றை எளிதிலிருந்து கடினம் என்று வரிசைப்படுத்திக்கொள்ளச் சொன்னார் டாக்டர், அவ்வளவுதான்.

எப்படி என்றால், நாலு மணிக்குப் பிள்ளைகள் போனபின் என் மனைவியும் மகளும் அந்த வகுப்பறையில் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடுவார்கள். டீச்சர் அறையிலேயே இருக்க மாட்டார். ஆளில்லாத வகுப்பறையில் அம்மாவோடு பேச அவளுக்குப் பயம் இல்லை. அடுத்த வாரம் டீச்சர் வராண்டாவில். அதற்கடுத்து வாசலில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவார், இவர்கள் பக்கம் திரும்பவே மாட்டார். அப்புறம் அறைக்குள், தூரத்து மூலையில். பிறகு பக்கத்துப் பலகையில். ஒருநாள் ‘நானும் ஒரு கை ஆடட்டுமா?’ என்று மகளிடம் கேட்காமல் என் மனைவியிடம் கேட்டார். மகள் முத்துகளை அவர் பக்கம் தள்ளினாள். வாசலிலிருந்து அந்தப் பலகைக்கு வர டீச்சருக்கு ஏழு வாரம் ஆனது. பள்ளி முடிந்து தன் வீட்டுக்குப் போகும் பஸ்ஸை அத்தனை நாளும் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போயிருக்கிறார். இதை அவர் சொல்லவில்லை, டீக்கடைக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

ஒரு தடவை பின்னால் போகவும் வேண்டியிருந்தது. ஒருநாள் வெளியாள் ஒருவர் திடீரென்று உள்ளே வந்துவிட, மகள் உறைந்துபோய்விட்டாள். மறுநாள் டீச்சர் மறுபடி வராண்டாவிலிருந்து தொடங்கினார். நானாக இருந்தால் ‘நேத்து வரைக்கும் பேசுனியே’ என்று கேட்டிருப்பேன்.

கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீச்சர் கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் ஏழு வரை எண்ணுவாராம். அதன்பிறகு வந்த பதில் சைகையானாலும் எழுத்தானாலும் அதை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்து எழுதியதைப் பின்னால் படித்தேன். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகப் பொறுத்த நேரம் பெரும்பாலும் ஒரு நொடிதான். அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி என்பது கேட்கும்போது ஒன்றுமில்லை போலத் தெரிகிறது. வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் மகளிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஏழு வரை எண்ணிப் பாருங்கள். நான் நாலில் வாயைத் திறந்துவிட்டேன்.

2025 செப்டம்பர் 28, மதியம் 1.15

‘ஒரு பிள்ளைக்கு இத்தனை நேரம் கொடுத்தால் மற்ற முப்பது பேர் என்ன ஆவது?’ என்ற கேள்வி நியாயமானது. நானும் யோசித்தேன்.

சிவப்பு மூடியால் எல்லாருக்கும் நன்மைதான். ஏழு எண்ணுவதாலும் அப்படித்தான். சுவரில் கீழே வரைந்திருக்கும் கரும்பலகையில் ஆளுக்கொரு கட்டம் உண்டு. பதிலை வாயால் சொல்லாமல் அதில் எழுதச் சொன்னபோது, பேசும் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு எழுத வராதது தெரிந்தது. அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள், அரும்புதான் முதல் நிலை. வாசித்துக் காட்டாததால் என் மகள் அரும்பில் இருந்தாள். டீச்சர் சொல் அட்டைகளைப் பரப்பி, தான் வாசிக்கும் வரிக்கு உரிய அட்டையை எடுக்கச் சொல்லிப் பார்த்துத்தான் அவள் எங்கே இருக்கிறாள் என்று கண்டுபிடித்தார். அவளுக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் மற்ற பிள்ளைகளுக்குச் சிரமம் இருந்தது உண்மை. பக்கத்தில் உட்காரும் ஒரு சிறுமி என் மகளுக்கு வாயாகவே மாறிவிட்டாள். ‘டீச்சர், அவ பென்சில் கேக்குறா’, ‘டீச்சர், அவளுக்கு வயித்த வலிக்குது.’ நாங்கள் அதை நட்பு என்று பார்த்து மகிழ்ந்தோம். டீச்சரும் முதலில் விட்டுவிட்டார். இரண்டு மாதம் கழித்து, “நான் இத முன்னாடியே கவனிச்சிருக்கணும்” என்று சொல்லி மெதுவாக மாற்றினார். மகள் பேசத் தேவையில்லாமல் போய்விடுகிறது, அந்தச் சிறுமிக்கோ தன் வேலை செய்ய நேரமில்லை. அவளைத் திட்டவில்லை. “நீ அவ பக்கத்துலயே இரு. ஆனா அவ கேக்கட்டும்” என்றார். அந்தச் சிறுமியின் அம்மாவுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். இதுவரை சொல்லவில்லை, இந்த வாரம் போகிறேன்.

2025 அக்டோபர் 5, மாலை 5.40

இன்றைக்கு விடுமுறை. காட்டுப் பக்கம் போய்விட்டு வந்தேன். எங்கள் ஊரில் புரட்டாசியில் மழைக்கு முன்பே காய்ந்த கரிசலில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் போட்டுவிடுகிறார்கள். போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் போடுவதற்கு முன் கோடையில் உழுதிருப்பார்கள், கல் பொறுக்கியிருப்பார்கள்.

நன்னூலில் ஆசிரியருக்குச் சொல்லும் உவமைகளில் முதலாவது நிலம். பள்ளியில் படித்தபோது அதில் பொறுமை மட்டும்தான் மனதில் நின்றது: மிதித்தாலும் தோண்டினாலும் தாங்கும் என்று. போன வாரம் எடுத்துப் பார்த்தேன். ‘பருவ முயற்சி அளவிற் பயத்தலும்’ என்று இருக்கிறது. பருவமும் வேண்டும், முயற்சியும் வேண்டும், அந்த அளவுக்குத்தான் நிலம் கொடுக்கும். செப்டம்பர் 6ஆம் தேதி நான் எழுதியதில் பருவம் மட்டும் இருந்தது. அதைத்தான் 9ஆம் தேதி தடுமாறித் திருத்தப் பார்த்திருக்கிறேன்.

2025 அக்டோபர் 8, இரவு 10.20

‘டீச்சரிடம் எப்போதுதான் பேசினாள்?’ என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள்.

2024 பிப்ரவரி. வருகைப் பதிவு நேரம். அதற்குள் அவள் தனக்குப் பிடித்த பாடத்தை வீட்டில் வாசித்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக டீச்சருக்கு அனுப்பத் தொடங்கியிருந்தாள். டீச்சர் ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு ஒரு நட்சத்திரம் மட்டும் அனுப்புவார். வகுப்பில் போட்டுக் காட்டட்டுமா என்று துண்டுத் தாளில் கேட்டார், மகள் ‘வேண்டாம்’ என்று எழுதினாள், அதோடு விட்டுவிட்டார். அவள் பெயர் வந்தபோது அன்றைக்குப் பலகையில் தட்டுச் சத்தம் கேட்கவில்லை. மெதுவாக, ‘உள்ளேன் டீச்சர்’.

பழைய பள்ளியில் எந்தச் சொல்லுக்காக நின்றாளோ, ஏறக்குறைய அதே சொல். இங்கே யாரும் அதைக் கேட்கவில்லை.

டீச்சர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டாராம். பின்னால் என்னிடம் சொன்னார்: “அடுத்த பேர ரெண்டு தடவ கூப்புட்டுட்டேன் சார். அந்தப் பையன் ரெண்டு தடவயும் சேவல் மாதிரி கூவுனான்.”

2025 அக்டோபர் 22, இரவு 9.30

தீபாவளிக்கு அடுத்த நாள் ஒன்று நடந்தது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த டீச்சர் இப்போது எங்கள் ஊரில் இல்லை. இந்த வருடம் பணிமாறுதல் கலந்தாய்வில் அவர் குடும்பம் இருக்கும் ஊர்ப்பக்கம் போய்விட்டார். போகும் அன்று நான் பிரஸ்ஸில் இருந்தேன். மனைவி ஒரு புடவை வாங்கிக்கொண்டு போனார், அவர் வாங்கிக்கொள்ளவில்லை. பூவை மட்டும் எடுத்துக்கொண்டார். நான் ஒரு வார்த்தை நேரில் சொல்லவில்லை. இந்த இழையில் இவ்வளவு எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நேற்று நான் போன் பண்ணினேன். ‘டீச்சர், நீங்க செஞ்சதுக்கு…’ என்று தொடங்கினேன், அதற்குமேல் வரவில்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை. எனக்கும் ஏழு எண்ணியிருப்பார் என்று நினைக்கிறேன். “புரியுதுங்க சார்” என்றார். அப்புறம், “பாப்பா பக்கத்துல இருக்காளா?” என்றார்.

மகளிடம் போனைக் கொடுத்தேன். ‘ஹலோ’ என்றாள். பிறகு பேச்சு இல்லை. போனில் பேசுவது அவளுக்கு இன்னும் கடினம், நேரில் பேசுவதைவிட. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கு அந்தப் பக்கமும் கேட்டது. டீச்சர் ‘என்னம்மா’ என்றோ ‘பேசு’ என்றோ ஒன்றும் சொல்லவில்லை. எங்கோ தூரத்தில் நாய் குரைத்தது. போனில் நொடிகள் ஓடின, முப்பதைத் தாண்டியது. என் மனைவி வாயைத் திறக்கப் போனார், நான் கையைப் பிடித்தேன்.

“டீச்சர், இப்ப மஞ்சக்கருவும் சாப்புடுறேன்.”

“அப்படியா? உப்பு போட்டா, போடாமயா?”

“மொளகுத்தூள் போட்டு.”

அப்புறம் அவர்கள் பதினோரு நிமிடம் பேசினார்கள். பாதிக்குமேல் நாயைப் பற்றி.

2025 நவம்பர் 4, இரவு 11.20

கேள்வி கேட்ட தங்கச்சிக்கு. நீங்கள் எழுதியதைப் படித்தேன். டீச்சரிடம் சண்டை போடாமல் உட்கார்ந்து பேசியதும், வருகைப் பதிவை மாற்ற அவர் உடனே ஒப்புக்கொண்டதும் சந்தோஷம். ‘விடுங்க’ என்று அவர் சொன்னது வேறு வழி தெரியாமல்தான் என்று அவரே சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை ஒப்புக்கொள்கிற டீச்சர் கிடைத்திருக்கிறார், பிடித்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் நாள் வாங்கியதும் நல்லது. போகும்போது வீட்டில் பேசுகிற வீடியோ இரண்டு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே அவள் பேச மாட்டாள். காதுப் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள்.

துண்டுத் தாள் கேட்டிருந்தீர்கள். சனிக்கிழமை விருதுநகர் பஸ்ஸில் ஒரு கட்டு கொடுத்தனுப்புகிறேன், பணம் எதுவும் வேண்டாம். நாலுக்கு மூன்று அங்குலமாக வெட்டி வைத்திருக்கிறேன். பெரிய தாளாக இருந்தால் நன்றாக எழுதலாமே என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டாம், அதைவிடப் பெரிதானால் மடித்தாலும் பிள்ளையின் உள்ளங்கைக்குள் மறையாது.